ஓசூருக்கு விமான நிலையம் வந்தால் பாகலூர் இன்னொரு தேவனஹள்ளி ஆகுமா?

1. பாகலூரான்

வணக்கம் நண்பர்களே. பெங்களூரு முருகேஷ்பாளையாவில் குடியிருக்கிறேன், வேலை ஒயிட்ஃபீல்டில். சொந்த ஊர் ஓசூர் பக்கம் பாகலூருக்கும் பேரிகைக்கும் நடுவே ஒரு கிராமம். அப்பா பேரில் கொஞ்சம் பட்டா நிலம் இருக்கிறது. பாதியில் ரோஜா, மீதியில் முட்டைக்கோஸும் தக்காளியும் மாறி மாறி.

2024 ஜூன் 27 அன்று சட்டமன்றத்தில் முதல்வர் ஸ்டாலின் ஓசூர் விமான நிலையத்தை அறிவித்தார். 2000 ஏக்கர், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகள். அன்றிலிருந்து ஊரில் புரோக்கர் தொல்லை தாங்கவில்லை. பேரிகை, பாகலூர் பக்கம்தான் இடம் என்று செய்தி வந்த பிறகு கேட்கவே வேண்டாம். சித்தப்பா, "விற்காதே, பெங்களூரு ஏர்போர்ட் வந்த தேவனஹள்ளியில் ஒரு ஏக்கர் வைத்திருந்தவன் இன்றைக்கு எப்படி இருக்கிறான் பார்" என்கிறார். மாமாவோ இப்போதே விற்றுவிட்டு ஓசூர் டவுனில் கடை கட்டச் சொல்கிறார்.

விமான நிலையம் வந்தால் சுற்றுவட்டாரம் வளரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தேவனஹள்ளியில் 2008-லிருந்து உண்மையில் என்ன நடந்தது? எந்தத் தொழிலுக்கு லாபம், யாருக்கு நஷ்டம், எவ்வளவு காலம் பிடித்தது? கண்ணால் பார்த்தவர்கள் சொன்னால் நல்லது. லேஅவுட் விற்கிறவர்கள் தயவுசெய்து இந்தப் பக்கம் வர வேண்டாம்.

2. ராத்திரி ஷிப்ட்

தம்பி, நான் கேப் ஓட்டுபவன். பழைய எச்.ஏ.எல். ஏர்போர்ட் காலத்திலிருந்து இதே பிழைப்பு.

2008 மே 24 அன்று தேவனஹள்ளிக்கு மாறினார்கள். மறுநாளே அங்கே எல்லாம் முளைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். முதல் சில வருடம் ஹெப்பாள் தாண்டினால் திராட்சைத் தோட்டமும் இருட்டும்தான். சிக்கஜாலா பக்கம் ராத்திரி டீ குடிக்கக்கூடக் கடை தேட வேண்டும். ஹெப்பாள் மேல்சாலை 2014 வாக்கில் முழுசாக ஓடத் தொடங்கிய பிறகுதான் ஜக்கூர், எலஹங்கா, தணிசந்திரா எல்லாம் சரசரவென்று ஏறியது. சாதஹள்ளி டோலைப் பயணிகள் திட்டுவார்கள். ஆனால் அந்த ரோடு இல்லாவிட்டால் இத்தனை அப்பார்ட்மெண்ட் அங்கே வந்திருக்காது.

எங்களுக்கு என்ன கிடைத்தது? ட்ரிப் நீளமானது, ஒரு டிராப்புக்குக் காசு கூடியது. ஆனால் போன வண்டி திரும்பி வர ஆள் கிடைக்க வேண்டும். பார்க்கிங்கில் வரிசையில் மணிக்கணக்கில் கிடப்போம். அந்த வரிசையை நம்பி எத்தனை பேர் இட்லிக் கடையும் பஞ்சர் கடையும் போட்டார்கள் தெரியுமா? அதையும் வளர்ச்சி என்று யாராவது கணக்கில் சேர்த்தால் சரி.

ஒரு வேடிக்கை. ஏர்போர்ட்டை ஒட்டி எலஹங்கா பக்கம் ஏற்கெனவே ஒரு பாகலூர் இருக்கிறது. வண்டி புக் பண்ணும்போது உங்கள் பாகலூரா இந்தப் பாகலூரா என்று கேட்காமல் கிளம்பினால் அன்றைய நாள் போச்சு.

3. கார்கோ கோவிந்து

நான் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் இருக்கிறேன், ராத்திரி முழுக்க கார்கோ டெர்மினல்தான். ஏர்போர்ட் என்றதும் எல்லோரும் பயணிகளைப் பற்றியே பேசுகிறீர்கள். சரக்கைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம், பாகலூரானுக்கு அதுதான் தேவை.

2024-25-ல் பெங்களூரு 5 லட்சம் டன்னுக்கு மேல் சரக்கைக் கையாண்டது. பூ, காய், பழம் மாதிரி சீக்கிரம் கெட்டுப்போகும் பொருள் ஏற்றுமதியில் இந்தியாவிலேயே முன்னணியில் நிற்கும் ஏர்போர்ட் இது. ஏன்? விமானத்தில் போகும் பொருள் ஒன்று சீக்கிரம் கெடும், அல்லது எடை குறைவாக விலை அதிகமாக இருக்கும். இரண்டும் இல்லாததற்கு விமானக் கூலி கட்டுப்படியாகாது. சிக்கபல்லாபூர் பக்கத்து ரோஸ் வெங்காயத்தைப் பாருங்கள். மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறது, ஆனால் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னரில் ஏறித்தான் போகிறது. அந்த விவசாயிக்குப் பக்கத்தில் விமான நிலையம் இருப்பதும் இல்லாததும் ஒன்றே. ஓசூர் ரோஜா அப்படி இல்லை. அறுத்ததும் பிரீ-கூலிங், அதாவது உடனே சூட்டை இறக்கி, 2 முதல் 4 டிகிரியில் வைத்து, கட்டு கட்டி, பெட்டி போட்டு, ரீஃபர் என்கிற குளிர்பதன வண்டியில் ராத்திரியோடு இங்கே வந்தாக வேண்டும். பிப்ரவரி 14-க்கு முந்தைய வாரங்களில் தாஜ்மஹால் ரகச் சிவப்பு ரோஜாப் பெட்டிகள் வந்து குவிவதைப் பார்த்தால் ஓசூரே இங்கே குடிவந்துவிட்டது போல இருக்கும்.

அதாவது, உங்கள் அப்பாவின் ரோஜா ஏற்கெனவே ஒரு விமான நிலையத்தின் பொருளாதாரத்துக்குள்தான் இருக்கிறது. அந்த நிலையம் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, அவ்வளவே வித்தியாசம்.

இன்னொன்று. சரக்கு என்றால் தனிச் சரக்கு விமானம் என்று நினைப்பார்கள். பெரும்பகுதி பயணிகள் விமானத்தின் வயிற்றில் போவதுதான். அதனால் அகலமான விமானம் எத்தனை ஊருக்கு நேராகப் போகிறது என்பதைப் பொறுத்தே ஏற்றுமதி. 2022 செப்டம்பரில் க்வாண்டாஸ் சிட்னிக்கு நேரடியாகப் பறக்கத் தொடங்கியது, அடுத்த மாதமே எமிரேட்ஸின் ஏ380 இங்கே வந்தது. இதெல்லாம் செய்தித்தாளுக்கு வெறும் படம், எங்களுக்கு அத்தனையும் இடம். ஓசூரில் நாளைக்கே ரன்வே போட்டாலும் சென்னைக்கும் கொச்சிக்கும் சின்ன விமானம் மட்டும் வந்தால் ரோஜாப் பெட்டி தேவனஹள்ளிக்குத்தான் வரும்.

எடை குறைவு, விலை அதிகம் என்ற கணக்குக்கு மும்பையைப் பாருங்கள். சாந்தாகுரூஸ் ஏர்போர்ட்டை ஒட்டி 1973-ல் சீப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தை வைத்தார்கள். முதலில் எலக்ட்ரானிக்ஸ், பிறகு வைரமும் நகையும். இங்கே தேவனஹள்ளியில் ஃபாக்ஸ்கான் 300 ஏக்கரில் வந்து 2025-ல் ஐபோன் அனுப்ப ஆரம்பித்ததும் அதே கணக்குதான்.

4. கோடிஹள்ளிக்காரர்

ஏர்போர்ட் வந்த கதையை எல்லோரும் சொல்கிறீர்கள். ஏர்போர்ட் போன கதையை நான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் பழைய ஏர்போர்ட் ரோட்டில் டிராவல்ஸும் பின்னால் ஒரு சின்ன லாட்ஜும் நடத்தினோம். 2008-ல் விமானங்கள் போனதும் எங்கள் மாதிரிக் கடைகளுக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது. காலை முதல் விமானத்துக்கு முந்தின ராத்திரி வந்து தங்குபவர்களை நம்பி இருந்த லாட்ஜ்கள் ஒவ்வொன்றாக பி.ஜி. (மாத வாடகைத் தங்குமிடம்) ஆயின. அந்த வருடம் எங்கள் தெருவில் எல்லோரும் இந்த ஏரியாவே செத்துவிடும் என்றுதான் பேசினார்கள்.

செத்ததா? இல்லை. எம்பசி கோல்ஃப் லிங்க்ஸ் ஐ.டி. பூங்கா இருந்தது, பெரிய ஆஸ்பத்திரி இருந்தது, இந்திராநகர் பக்கத்திலேயே இருந்தது. 2001-ல் திறந்த லீலா பேலஸ் இன்னமும் நிற்கிறது. பி.ஜி. ஆக்கினவர்களுக்கு லாட்ஜை விட நல்ல வாடகை. ஐ.டி. வேலை முழுக்க ஒயிட்ஃபீல்டு, மாரத்தஹள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி. புது ஏர்போர்ட்டிலிருந்து தள்ளி இருந்தும் அவை வளர்ந்துகொண்டே போயின. ஆகவே ஏர்போர்ட் இல்லாவிட்டால் தொழில் இல்லை என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

5. கணக்குப்பிள்ளை

கோடிஹள்ளிக்காரர் சொன்னதில் முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன். கால்வாசியில் தகராறு. ஒயிட்ஃபீல்டு கம்பெனிகள் ஏர்போர்ட் இல்லாமல் வளரவில்லை சார், தூரமான ஏர்போர்ட்டைச் சகித்துக்கொண்டு வளர்ந்தன. அமெரிக்காவிலிருந்து வாடிக்கையாளர் வந்துபோக வழி இல்லையென்றால் அவை சென்னைக்கோ ஹைதராபாத்துக்கோ போயிருக்கும். ஹைதராபாத் ஷம்ஷாபாத்தும் அதே 2008-ல் திறந்ததுதானே.

நான் பொருளாதாரம் படித்தவன், பேங்கில் வேலை. இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்த வரை, விமான நிலையம் இல்லாத வளர்ச்சியை உண்டாக்குவது அரிது. இருக்கிற வளர்ச்சி எந்தத் திசையில் பாய வேண்டும் என்பதை அது மாற்றும். மைசூருக்கு 2010-ல் விமான சேவை வந்தது, நின்றது, மறுபடி வந்தது. அதை நம்பி மைசூரில் என்ன மாறியது? இன்றும் மைசூர்க்காரர்கள் ஃப்ளைபஸ் ஏறி நேராக தேவனஹள்ளி வருகிறார்கள். உத்தரப் பிரதேசத்தில் குஷிநகருக்கு 2021-ல் சர்வதேச விமான நிலையமே திறந்தார்கள். விமானம்தான் நிலைக்கவில்லை. டெல்லி ஏர்போர்ட்டை ஒட்டி குர்கான் வளர்ந்தது என்றால், அங்கே மாருதி வந்திருந்தது, நிலம் இருந்தது, பக்கத்தில் தலைநகரம் இருந்தது.

அந்த வகையில் ஓசூருக்கு நல்ல சாதகம் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன், டாடா எலக்ட்ரானிக்ஸ் என்று தொழில் முதலில் வந்துவிட்டது. ஏர்போர்ட்தான் பாக்கி. குஷிநகர் மாதிரி வெறும் வயலில் கட்டும் கதை இல்லை.

6. ராத்திரி ஷிப்ட்

பேங்க் சார், வளர்ச்சி திசை மாறுகிறது என்றீர்களே, அது வாஸ்தவம். ஆனால் யார் வீட்டுப் பக்கம் மாறுகிறது? ஏர்போர்ட்டுக்கு நிலம் கொடுத்த ஊர்ப் பையன்கள் பலரை உள்ளே ஹவுஸ்கீப்பிங்கிலும் ட்ராலி தள்ளுவதிலும் பார்க்கிறேன். எல்லாம் கான்ட்ராக்ட். நல்ல சம்பள வேலைக்கு ஆள் வெளியூரிலிருந்து வருகிறான்.

7. அல்சூர் அக்கா

இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். நான் தேவனஹள்ளி தாலுகாவில் ஒரு பள்ளியில் ரொம்ப காலம் ஆசிரியை, தினமும் அல்சூரிலிருந்து போய் வந்தவள். பாகலூரான் தம்பி, உங்கள் சித்தப்பா சொல்லும் "ஒரு ஏக்கர் வைத்திருந்தவன்" கதையில் மூன்று வகை ஆள் உண்டு.

முதலாவது, ஏர்போர்ட் எல்லைக்கு உள்ளே நிலம் இருந்தவர்கள். ஏறக்குறைய 4000 ஏக்கர் அரசு எடுத்தது. அன்றைய விலைக்குக் காசு வாங்கினார்கள். வந்த பணத்தில் வீடு, பைக், கல்யாணம். பத்து வருடம் கழித்து வேலிக்கு வெளியே இருந்தவன் வாங்கிய விலையைக் கேட்டு வயிறு எரிந்தார்கள். இரண்டாவது, வேலிக்கு வெளியே இருந்து அவசரப்பட்டு முதல் இரண்டு மூன்று வருடத்தில் விற்றவர்கள். மூன்றாவது, காத்திருக்க முடிந்தவர்கள். இவர்களுக்கு வேறு வருமானம் இருந்தது, கடன் இல்லை. விலை ஏறும்வரை உட்கார முடிந்தது. சித்தப்பா பார்த்தது இந்த மூன்றாவது ஆளை மட்டும். நிலமே இல்லாமல் திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்த குடும்பங்கள் இந்தக் கணக்கில் எங்குமே வருவதில்லை. தோட்டம் போனதும் அவர்கள் பிள்ளைகள் என் வகுப்பிலிருந்து நின்றார்கள். பெங்களூர் புளூ திராட்சைக்கும் தேவனஹள்ளி சக்கோத்தாவுக்கும் (பம்பளிமாஸ்) புவிசார் குறியீடு இருக்கிறது, தெரியுமா? குறியீடு இருக்கிறது, தோட்டம் குறைந்துகொண்டே போகிறது.

இத்தனையும் கண்ணால் பார்த்ததால்தான் அதே தாலுகாவின் ஒரு பகுதியான சன்னராயபட்டணா ஹோபளி மக்கள் அடுத்த சுற்றுக்கு இணங்கவில்லை. 13 கிராமங்களில் 1777 ஏக்கரை விண்வெளி, விமானத் தொழில் பூங்காவுக்கு எடுக்கப் பார்த்தார்கள். 2022 ஏப்ரலில் போராட்டத்தில் உட்கார்ந்தவர்கள் மூன்று வருடத்துக்கும் மேல் எழுந்திருக்கவில்லை. 2025 ஜூலை 15 அன்று முதல்வர் சித்தராமையா கைவிடுவதாக அறிவித்தார். உடனே ஆந்திர அமைச்சர் லோகேஷ், எங்களிடம் 8000 ஏக்கர் தயாராக இருக்கிறது, பெங்களூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, வாருங்கள் என்று கூப்பிட்டார்!

8. கணக்குப்பிள்ளை

அக்கா சொன்ன கடைசி விஷயம் முக்கியம். ஏர்போர்ட்டின் நிழல் மாநில எல்லையைப் பார்ப்பதில்லை. லேபாட்சி, இந்துப்பூர் எல்லாம் ஆந்திரா, ஆனால் அவர்களுக்கு ஏர்போர்ட் தேவனஹள்ளி. பெனுகொண்டா பக்கத்து கியா தொழிற்சாலைக்கு வரும் கொரியர்களும் இங்கே இறங்கித்தான் போகிறார்கள். ஓசூர் ஆட்களும் அப்படியே, ஆனால் பெங்களூரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடு நகரத்தைக் கடக்க வேண்டும். தமிழ்நாடு தனியாகக் கேட்பதற்கு அதுதான் காரணம். எலக்ட்ரானிக் சிட்டிக்காரர்களுக்கும் ஓசூரே கிட்டம்.

இதனால்தான் கர்நாடகமும் சும்மா இல்லை. கனகபுரா ரோட்டில் இரண்டு இடம், நெலமங்கலா–குணிகல் ரோட்டில் ஒன்று என்று இரண்டாவது ஏர்போர்ட்டுக்கு இடம் பார்த்தார்கள். 2025 ஏப்ரலில் விமான நிலைய ஆணையக் குழு வந்து பார்த்துவிட்டும் போனது.

9. பாகலூரான்

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்ன மூன்று வகையில் நாங்கள் எந்த வகை என்பதே தெரியவில்லை, ஏனென்றால் வேலி எங்கே வரும் என்று யாருக்கும் தெரியாது. இன்னொரு சந்தேகம். 150 கிலோமீட்டர் நிபந்தனை என்று ஏதோ சொல்கிறார்களே, அது என்ன?

10. கணக்குப்பிள்ளை

பெங்களூரு விமான நிலையத்தை நடத்தும் நிறுவனத்தோடு 2004-ல் மத்திய அரசு போட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. திறந்த நாளிலிருந்து 25 வருடம், 150 கி.மீ. தூரத்துக்குள் புது விமான நிலையம் கூடாது. மைசூர், ஹாசனுக்கு மட்டும் விலக்கு. 2008-ல் திறந்ததால் 2033 வரை. ஓசூர் அந்த வட்டத்துக்குள் நன்றாகவே இருக்கிறது. பெலகொண்டபள்ளியில் தனியார் ஓடுதளம் இருந்தும் சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் உடான் திட்டத்தில் ஓசூர் சேர முடியாமல் போனது இதனால்தான். அந்த நிறுவனம் மனது வைத்தால் முன்னதாக நடக்கலாம், இல்லாவிட்டால் 2033. எச்.ஏ.எல். வான்பரப்புக்கு ராணுவ அனுமதி வேறு. இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், நாளை மறுநாள் பூமி பூஜை என்கிற புரோக்கரிடம் டீ வாங்கிக் குடித்துவிட்டு அனுப்பிவிடுங்கள்.

11. பத்திர எழுத்தர்

ஓசூரில் தொழில். சட்ட விஷயம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

2013 நிலம் எடுப்புச் சட்டத்தில் சந்தை மதிப்பு என்பது நீங்கள் மனதில் வைத்திருக்கும் விலை அல்ல. வழிகாட்டி மதிப்பு, அல்லது அக்கம்பக்கத்தில் முந்தைய மூன்று வருடத்தில் பதிவான பத்திரங்களில் அதிக விலைகொண்ட பாதியின் சராசரி. இவற்றில் எது அதிகமோ அது. அதன் மேல் நூறு சதவீதம் ஆறுதல் தொகை. கிராமப் பகுதி என்றால் பெருக்கல் காரணியும் உண்டு. ஸ்டாம்ப் கட்டணத்தை மிச்சம் பிடிக்க ஊர் முழுக்கக் குறைத்துப் பதிந்துவைத்திருந்தால் இழப்பீடும் குறைந்தே வரும். பாகலூர்ப் பக்கம் இது பெரிய பிரச்சினை ஆகப்போகிறது.

முதல்நிலை அறிவிக்கை வந்த பிறகு அந்த நிலத்தை விற்க முடியாது, அடமானமும் வைக்க முடியாது. அதனால்தான் புரோக்கர்கள் இப்போது ஓடி வருகிறார்கள்.

வேலிக்கு வெளியே விழுந்தாலும் நினைத்ததையெல்லாம் கட்டிவிட முடியாது. ரன்வேயைச் சுற்றி 20 கி.மீ. வரை கட்டட உயரத்துக்கு விமான நிலைய ஆணையத்தின் வண்ண வரைபடம் உண்டு. ரன்வேயின் நேர் கோட்டில் நிலம் இருந்தால் பல மாடி ஹோட்டல் கனவை மறந்துவிட வேண்டும். தேவனஹள்ளியில் பியாப்பா (ஏர்போர்ட் பகுதித் திட்டக் குழுமம்) ஒப்புதல் இல்லாமல் பஞ்சாயத்துக் காகிதத்தை வைத்து சைட் வாங்கி இன்னும் அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

12. கோடிஹள்ளிக்காரர்

கேட்கிறேன் என்று தப்பாக நினைக்க வேண்டாம். இவ்வளவு நிலத்தை மக்களிடம் எடுத்துக் கட்டுகிறார்கள், அரசுக்கு அதிலிருந்து என்ன வருகிறது?

13. கணக்குப்பிள்ளை

நல்ல கேள்வி சார். பெங்களூரு ஒப்பந்தத்தில் வருமானத்தில் 4 சதவீதம் அரசுக்கு, அதிலும் முதல் பத்து வருடத் தொகையைத் தள்ளிக் கட்டச் சலுகை. டெல்லியில் 45.99, மும்பையில் 38.7. அவை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவை, இது புதிதாகக் கட்டியது என்பதால் நேராக ஒப்பிட முடியாது. மாநில அரசுக்கு 13 சதவீதப் பங்கும் இருக்கிறது. ஆனால் அரசுக்கு உண்மையான வரவு சுற்றியுள்ள தொழிலின் வரிதான். 43 ஏக்கரில் 1600 கோடி போட்டு 2024-ல் போயிங் வளாகம் வந்தது இல்லையா, அந்த மாதிரி.

நியாயமாகப் பார்த்தால் விலை ஏற்றத்தில் ஒரு பங்கு நிலம் கொடுத்தவர்களுக்குப் போக வேண்டும். மேம்படுத்திய மனையாகத் திருப்பிக் கொடுக்கலாம், பங்காகக் கொடுக்கலாம். ஓசூரில் இதை முதலிலேயே பேசி எழுதி வாங்காவிட்டால் அக்கா சொன்ன கதைதான் திரும்பவும். சென்னையின் இரண்டாவது ஏர்போர்ட்டுக்கு நிலம் கேட்கும் பரந்தூரில் ஏகனாபுரம் மக்கள் ஏன் இத்தனை பிடிவாதமாக இருக்கிறார்கள் என்று கேட்கிறவர்கள் ஒரு முறை தேவனஹள்ளி போய்ப் பார்க்கட்டும்.

14. அல்சூர் அக்கா

எழுதி வாங்கினாலும் மனை அப்பா பேரில் வரும், முடிவு அண்ணன் எடுப்பான். பாகலூரான், உங்கள் அம்மாவும் அக்கா தங்கைகளும் என்ன சொல்கிறார்கள் என்று நீங்கள் எழுதவே இல்லையே? பூ அறுப்பதும் கட்டுவதும் அவர்கள்தானே?

15. பாகலூரான்

அம்மாவிடம் இன்று பேசினேன் அக்கா. "ஏர்போர்ட்டு வர்றப்ப வரட்டும், இந்த வருஷப் பூவுக்கு வழி என்ன" என்று கேட்டார். பூவை லோக்கல் மண்டியில் போட்டால் முகூர்த்த நாளில் மட்டும் விலை, மற்ற நாளில் பறிகூலிக்கே வராது. தங்கை ஏற்றுமதிக்கு முயற்சி பண்ணலாம் என்கிறாள். விற்பதைப் பற்றி இப்போதைக்குப் பேச்சில்லை, சித்தப்பாவும் மாமாவும் என்னோடு பேசுவதில்லை. கார்கோ அண்ணே, சின்ன அளவில் பிரீ-கூலிங் போட்டால் தேறுமா?

16. கார்கோ கோவிந்து

தனியாகப் போடாதீர்கள். உங்கள் நிலத்துப் பூ மட்டும் ஒரு குளிர் அறைக்குப் போதாது, கரண்ட் பில் தின்றுவிடும். பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்தால் யோசிக்கலாம். த்ரீ ஃபேஸ் லைனும் ஜெனரேட்டரும் கட்டாயம், மூன்று மணி நேரம் கரண்ட் போனால் ஒரு வார உழைப்பு வாடிவிடும். திறந்த வெளியில் வளர்த்த ரோஜா ஏற்றுமதிக்கு எடுபடாது, பாலிஹவுஸா (பாலிதீன் கூடாரமா) என்று முதலில் சொல்லுங்கள்.

காகிதம் என்று பார்த்தால் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண், அபேடா (மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி ஆணையம்) பதிவு, ஒவ்வொரு சரக்குக்கும் தாவர நோய் இல்லை என்ற சான்றிதழ். முதல் இரண்டு சீசன் இதெல்லாம் நீங்களே செய்ய வேண்டாம். அமுதகொண்டபள்ளி டான்ஃப்ளோரா மலர்ப் பூங்கா பக்கம் போய் ஏற்றுமதி செய்கிறவர்களுக்குப் பூ மட்டும் கொடுத்துப் பாருங்கள். தண்டு நீளம், மொட்டு அளவு, எத்தனை கழிக்கிறார்கள் என்று அங்கே பிடிபட்டுவிடும்.

வண்டி சர்ஜாபுரம், ஹொஸ்கோட்டை, புதிகெரே வழியாக வரட்டும், நெரிசல் மிகுந்த சில்க் போர்டு பக்கமே வேண்டாம். தங்கையை ஜனவரி கடைசியில் ஒரு ராத்திரி கூட்டி வாருங்கள், பெட்டி எப்படி வருகிறது, எதைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று கேட்டுக்கு வெளியே நின்றே பார்க்கலாம். உள்ளே வர பாஸ் வேண்டும், அதற்கு போலீஸ் சரிபார்ப்பு, நாளாகும்.